‘மலைமேல் புத்தர் கோயில்’ என்று சமணர் மலைக்கு அழைத்துச் செல்கிறார்கள்: மதுரைக்கு வருவோர் கவனத்திற்கு

கொழும்பிலிருந்து வந்திருந்த என் அத்தான் குடும்பத்தாருக்கும் எனக்கும் சென்ற மாதம் நேர்ந்ததை, இன்னொருவர் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அத்தானின் மாமியார் சிங்களவர். எழுபது வயதைக் கடந்தவர். நாள் தவறாமல் விகாரைக்குச் செல்பவர். மதுரைப் பக்கத்தில் புத்தர் கோயில் உண்டா என்று அவர் ஆவலோடு கேட்டிருந்த நேரத்தில், விடுதி வாசலில் ஒருவர் கொடுத்த துண்டறிக்கையில், ‘வைகை அணையைப் பார்த்தபடி மலைமேல் புத்தர் கோயில்’ என்று படத்துடன் அச்சிட்டிருந்தது. வேனுக்கும் வழிகாட்டிக்குமாக 4,500 ரூபாய், நுழைவுச்சீட்டு ஆளுக்கு 300 வீதம் ஐந்து பேருக்கு 1,500, ஆக 6,000 ரூபாயையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள்.

வேன் தேனி சாலையில் சென்று நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் திரும்பியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. “இது கீழக்குயில்குடி சமணர் மலைதானே?” என்று கேட்டேன். “சமணமும் பௌத்தமும் ஒண்ணுதான் சார்” என்றார் வழிகாட்டி. விருந்தினர் முன்னால் வாதாட வேண்டாம் என்று நான் அமைதியாக இருந்துவிட்டேன். அதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அடிவாரத்து அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் நின்று பார்க்கக்கூட விடாமல், தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகையைக் கடந்து வேகமாக அழைத்துச் சென்றார். அதிகம் ஏறாமல் பார்க்கக்கூடிய செட்டிப்புடவு என்ற சமணக் குகை மலையின் மறுபக்கத்தில் இருக்க, நண்பகல் வெயிலில், குடிக்கத் தண்ணீரும் தராமல், அந்த வயதான அம்மாவைப் பேச்சிப்பள்ளத்துக்குப் படியேற்றினார். மேலிருந்து தெரிந்தது ஊர்க் கண்மாய்தான். வைகை அணை மதுரையிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில், ஆண்டிபட்டிப் பக்கத்தில் இருக்கிறது.

பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கு மேலே, பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட எட்டுச் சிற்பங்கள் உள்ளன. ஐந்தலை நாகம் குடை பிடிக்க நிற்கும் சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதரைக் காட்டி, “மழையில நனையாம புத்தரைக் காத்த முசலிந்த நாகம்” என்று அவர் விளக்கினார். பௌத்தத்தில் அப்படியொரு கதை உண்மையிலேயே இருப்பதால் அம்மாவும் நம்பிவிட்டார். காலையில் பூக்கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய தாமரை மொட்டுகளை ஈரத்துணியிலிருந்து பிரித்து, இதழ்களை ஒவ்வொன்றாக மடித்து, கல்லின் கீழே வைத்துக் கும்பிட்டார். பிறகு வெகுநேரம் சிற்பங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, மெதுவான தமிழில், “தம்பி, சீவரம் எங்கே?” என்று கேட்டார். சீவரம் என்பது புத்தர் உடுத்தும் துவராடை. சமண சமயத்தின் அருகர்களான தீர்த்தங்கரர் உருவங்களில் ஆடை இல்லை. பக்கத்தில் நிற்பவர் கால்களில் கொடி சுற்றிய சமணத் துறவி பாகுபலி. வழிகாட்டி பதில் சொல்லாமல் கைப்பேசியை எடுத்துக்கொண்டு விலகிப் போனார்.

அந்தச் சிற்பங்களின் கீழே 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியின் மாணாக்கர் உள்ளிட்டோர், யார் செய்வித்த திருமேனி என்று பெயரோடு பொறித்து வைத்தவை அவை. ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கும் அந்தப் பெயர்களை மறைத்து, வேறொரு சமயத்தின் பெயரில் விற்கிறார்கள். பணம் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய வேதனை.

இறங்கி வந்தபின் அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் எங்கள் சீட்டுகளைக் காட்டினேன். “இங்க ஏதுய்யா டிக்கெட்டு? நெனச்சவுக ஏறிப் பாத்துட்டுப் போறாக” என்றார். சீட்டில் இடத்தின் பெயரும் இல்லை, துறையின் பெயரும் இல்லை; கலைந்துபோன ஊதா முத்திரை ஒன்று மட்டுமே இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் மழுப்பினார்கள், பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. சீட்டு, துண்டறிக்கை, பணம் அனுப்பிய விவரம் ஆகியவற்றை வைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

சமணர் மலைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை வெயில் ஏறும் முன்பே செல்லுங்கள், தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், முதியவர்களைச் செட்டிப்புடவுக்கு அழைத்துச் சென்று மகாவீரரைக் காட்டுங்கள். புத்தர் திருமேனிகளைத் தேடும் விருந்தினருக்கு, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துச் செப்புப் படிமங்கள் இருக்கின்றன. அத்தானின் மாமியாரை ஊர் திரும்பும் முன் அங்கேதான் அழைத்துச் சென்றோம்.