புகையில்லா அடுப்பென்று நம்பி 14,500 ரூபாயை இழந்தேன்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது எங்கள் வீடு. மட்டைக்கும் தேங்காய்த் தொட்டிக்கும் பஞ்சமில்லை என்பதால் அம்மா இன்னும் விறகடுப்பில்தான் சமைக்கிறார். அவர் இருமுவதைக் கேட்கப் பொறுக்காமல், இரும்பு அடுப்புகள் விற்கும் ஒரு கடையில் சென்ற மாதம் 14,500 ரூபாய் கொடுத்துப் 'புகையில்லா அடுப்பு' ஒன்றை வாங்கினேன்.

கடையில் எரிந்துகொண்டிருந்த மாதிரி அடுப்பின் கீழ்வாயருகே கடைக்காரர் ஓர் ஊதுபத்தியைப் பிடித்தார். அதன் புகை நூல்போல உள்ளே இழுபட்டது. சூடான காற்று மேலேற, அந்த இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று வருகிறது என்றும், அதில் ஒரு பங்கு சல்லடைத் தட்டு வழியே விறகுக்குப் போக, மறுபங்கு அடுப்பின் உள்சுவர், வெளிச்சுவர் இரண்டுக்கும் நடுவே சூடேறி, மேல்வரிசைத் துளைகளில் வெளிப்பட்டு, புகையாகிவிடும் வாயுவையும் எரித்துவிடுகிறது என்றும் விளக்கினார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. "அம்மா இனி இருமவே மாட்டாங்க தம்பி" என்றார். அந்த ஒரு சொல்லில் பேரம்கூடப் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்த அடுப்போ முதல் நாளே அடுக்களை முழுக்கப் புகையைக் கக்கியது. அழைத்துக் கேட்டதற்கு விறகு ஈரம் என்றார். நாங்கள் எரித்ததோ மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த தொட்டி. அடுத்த முறை, புது அடுப்பு, பழக வேண்டும் என்றார். அதற்கடுத்த முறை ஆள் அனுப்புவதாகச் சொன்னார், யாரும் வரவில்லை.

நேற்று அடுப்பைக் கவிழ்த்து, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். சுவர்களுக்கு நடுவே காற்று நுழைய வேண்டிய கீழ் இடைவெளியைச் சுற்றிலும் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். ஓர் ஈர்க்குச்சிகூட நுழையவில்லை! மேலே அத்தனை துளைகள் இருந்தும் அவற்றுக்கு வரக் காற்றே இல்லை. படம் எடுத்து அனுப்பினேன். "இந்த மாடலே அப்படித்தான்" என்று பதில் வந்தது. மாலையில் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 14,500 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது 'அடுப்பு 1' என்று எழுதிய ஒரு துண்டுச்சீட்டு மட்டுமே.

வாங்க நினைப்பவர்கள் மாதிரியைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வரப்போகும் அதே அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்து, எரித்துக் காட்டச் சொல்லி, முறையான பில்லும் வாங்குங்கள். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் கொடுத்திருக்கிறேன்.