பாங்காக் ஏஜென்சி கடையில் ரயில் டிக்கெட் வாங்காதீர்கள்: 4,200 பாட் போச்சு

பாங்காக்கிலிருந்து கோ தாவ் தீவுக்குக் கிளம்புகிறவர்கள், காசை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ரயில், பஸ், படகு டிக்கெட்டை எங்கே எடுக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

காவ் சான் சாலைப் பக்கம் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சி. இரண்டு பேருக்கு 4,200 பாட், ரொக்கம். நம்ம காசில் பத்தாயிரத்துக்கு மேல். பேசியது, கோ தாவ் படகு கிளம்பும் சும்போன் ஊர் வரை இரண்டாம் வகுப்பு ஏசி ஸ்லீப்பரில் இரண்டு கீழ் பெர்த், அங்கிருந்து படகுத்துறைக்கு வேன், காலை 7 மணிப் படகு. கிடைத்தது விடிய விடிய உட்கார்ந்தே போகும் பஸ்.

கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, பெட்டியின் படத்தில் இரண்டு கட்டங்களைத் தொட்டுக் காட்டினார். "லோயர், லோயர், ஓகே?" அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்துவிடுகிறது. காட்டியது காலி பெர்த்தை மட்டும்தான், பதிவு எதுவும் செய்யவில்லை. பாஸ்போர்ட்டை நகல் எடுத்துக்கொண்டு, முத்திரை குத்திய ரசீது ஒன்றைத் தந்து, "அசல் டிக்கெட்டை மாலை எங்கள் ஆள் கொண்டுவருவார்" என்றார்.

தாய்லாந்து ரயில்வேயின் டிக்கெட்டில் ரயில் எண், தேதி, பெட்டி எண், பெர்த் எண் எல்லாம் இருக்கும். ரசீதில் ஒன்றுகூட இல்லை. புறப்படும் இடம் ஹுவா லம்போங் (பாங்காக்கின் பழைய ரயில் நிலையம்) என்று எழுதியிருந்தது. 2023 ஜனவரி 19 முதல் தெற்கே போகும் ஸ்லீப்பர் ரயில்கள் குருங் தேப் அபிவாத் என்ற புது நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அந்த ஒரு வரியே போலி என்று சொல்லிவிடும்.

இந்த ஆட்கள் காசு வாங்கியதும் டிக்கெட் எடுப்பதில்லை. கீழ் பெர்த் அகலமானது, ஜன்னலும் உண்டு என்பதால் முதலில் தீர்ந்துபோகும். தீர்ந்ததும் "ட்ரெயின் ஃபுல், பஸ்ஸும் ஒன்றுதான்" என்று ஏற்றிவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது ஸ்டிக்கர். பஸ் ஏறும்போது ரசீதைப் பிடுங்கிக்கொண்டு சட்டையில் ஒரு கலர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதோடு உங்கள் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. சும்போனில் இறங்கினால், "இந்த ஸ்டிக்கர் பஸ்ஸுக்கு மட்டும், படகுக்குத் தனியாகக் கட்டுங்கள்." பாங்காக் கடைக்குப் போன் செய்தால், "அது பஸ் கம்பெனி பொறுப்பு." பஸ் கம்பெனி, "விற்றவரிடம் கேளுங்கள்." திரும்பவும் கடைக்கு, "மேனேஜர் இல்லை, நாளை." அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. 4,200 பாட்! ஒரு பாட்கூடத் திரும்பவில்லை. படகுக்கு மறுபடி அழுதது தனி.

எல்லாவற்றையும் விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரயில் டிக்கெட்டை ஸ்டேஷன் கவுண்டரிலோ ரயில்வேயின் டி-டிக்கெட் தளத்திலோ எடுங்கள். படகு டிக்கெட்டைப் படகு நிறுவனத்திடமே தனியாக. அரசு பஸ் வேண்டுமென்றால் சாய் தாய் மாய் தெற்கு பஸ் நிலையத்துக்கே போய்விடுங்கள்.

ரசீது கைக்கு வந்ததுமே போட்டோ எடுங்கள். ஸ்டிக்கருக்குப் பதிலாக ரசீதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மிரட்டினால் 1155, டூரிஸ்ட் போலீஸ்.

சும்போனுக்குப் பதில், இன்னும் தெற்கே உள்ள சூரத் தானி வழியாகத் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு: ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, புன்பின்னில் இருக்கிறது. கோ சமுய் தீவுக்குப் படகு கிளம்பும் டோன்சாக் துறை இன்னும் வெகு தூரம். வேன் காசு சேர்த்தியா என்று எழுதி வாங்காமல் ஏறாதீர்கள்.