கல்லடிப் பாலத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள் எது?

உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளைப் படம் அது. மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டத்தை ஒட்டி ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதில் வெள்ளைக் காற்சட்டையோடு அம்மப்பா. அவருக்கு முன்னால், பெற்றோல் டாங்கியின் மேல், மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை. கவுன் போட்டிருக்கிறது, முடி ஒட்ட வெட்டியிருக்கிறது. பிள்ளையின் கால் டாங்கியில் இருக்கும் பெயரைச் சரியாக மறைத்துக்கொண்டிருக்கிறது.

சண்டை அந்தப் பிள்ளையைப் பற்றியது. "அது நான்தான்" என்கிறார் 1947இல் பிறந்த பெரியம்மா. "இல்லை, அது பெரிய அண்ணன். அந்தக் காலத்தில் ஆம்பிளைப் பிள்ளைக்கும் கவுன்தான். ஹேர்மிஸ் கப்பல் தாண்ட வருசம் எடுத்த படம்" என்பது சின்ன மாமாவின் வாதம். பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது 1942 ஏப்ரல் 9. பெரிய மாமா பிறந்தது 1939. ஆக, கணக்கு அவருக்கும் சரியாகத்தான் வருகிறது. பெரிய மாமா இப்போது இல்லை, கேட்கவும் முடியாது.

பாலம் இதற்கு உதவாது. மானிங் சீமாட்டியின் பெயரில் அது திறக்கப்பட்டது 1924இல். பக்கத்தில் புதுப் பாலம் வந்தது 2013இல். நடுவில் எந்த வருசமும் ஆகலாம். மிஞ்சியிருப்பது வண்டி மட்டும்தான். ஆனால் அதற்கும் வீட்டில் மூன்று பெயர் இருந்தது. சின்ன மாமா "ஆமிக்காரன்ட பி.எஸ்.ஏ" என்றார். எங்கள் தெருக் கராஜ் பாஸ் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு "புல்லட்" என்றார். நான் நோர்ட்டன் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, பெயர் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

படத்தை ஸ்கான் பண்ணிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. பழைய வண்டியை அடையாளம் காண எல்லாரும் முதலில் டாங்கியைப் பார்க்கிறோம். அதுதான் பிழை. டாங்கியை மாற்றலாம், வர்ணம் பூசலாம், வேறு கம்பனியின் சின்னத்தை ஒட்டலாம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், பின்சக்கரம், எஞ்சினின் வலப்பக்கம், இந்த மூன்றும் அவ்வளவு இலகுவில் பொய் சொல்லாது.

முதலில் மாமாவின் ஆமி வண்டி. போர்க்காலத்தில் பி.எஸ்.ஏ கம்பனி எம்20 மொடலை 1,26,000க்கு மேல் செய்து தள்ளியது. நோர்ட்டனின் 16எச் ஒரு இலட்சமளவில் வந்தது. இரண்டும் 500 சீசீ அளவு, இரண்டும் சைட் வால்வ் எஞ்சின், அதாவது வால்வ் சிலிண்டருக்குப் பக்கத்தில். போர்க்கால வண்டிகளில் இரண்டுக்கும் முன்னால் கேர்டர் ஃபோர்க்தான். சக்கரத்தின் இரு பக்கமும் குழாய்ச் சட்டம் ஏறிப்போகும், ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு தடித்த சுருள்வில் இருக்கும். எங்கள் படத்தில் சுருள்வில்லே இல்லை. தடித்த இரண்டு குழாய்கள் நேராக இறங்குகின்றன. அது டெலஸ்கொபிக் ஃபோர்க்.

இந்த இடத்தில் எம்20ஐ உடனே தள்ளிவிட முடியாது. 1948இலிருந்து அதற்கும் டெலஸ்கொபிக் வந்துவிட்டது. ஆனால் சைட் வால்வ் எஞ்சினின் தலை தட்டையாக இருக்கும், மேலே வால்வை இயக்கும் ரொக்கர் பெட்டி இருக்காது, சிலிண்டர் பக்கத்தில் குழாய் எதுவும் ஏறிப்போகாது. படத்தில் இருப்பது உயரமான எஞ்சின், மேலே பெட்டி தெளிவாகத் தெரிகிறது. அதோடு எம்20உம் போயிற்று, என் நோர்ட்டனும் போயிற்று. இன்னொன்று: மலாயா ஜப்பான் கையில் விழுந்து றப்பருக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆமி வண்டிகளின் கைப்பிடிக்குக் கன்வஸ் துணி சுற்றினார்கள். அம்மப்பாவின் கைக்கடியில் இருப்பது நல்ல கறுப்பு றப்பர் பிடி. கைப்பிடியை யாரும் எப்போதும் மாற்றலாம் என்பதால் இதைச் சாட்சியாக எடுக்கவில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

பாஸ் சொன்ன புல்லட்டைக் கழிப்பதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. போருக்குப் பிந்திய புல்லட்டின் பெரிய பெருமையே பின்னால் இருக்கும் இரண்டு ஷொக் அப்சோபர்தான். எங்கள் வண்டியின் பின்சக்கரம் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டியது, ஒரு வில்லும் இல்லை. பள்ளத்தில் விழுந்தால் தாங்குவது சீற்றுக்கடியில் இருக்கும் சுருளும் ஓட்டுகிறவரின் முதுகும். போருக்கு முந்திய புல்லட்டின் பின்பக்கமும் இப்படித்தான், ஆனால் அதற்கு முன்னால் கேர்டர். போதாததற்கு என்ஃபீல்ட் எஞ்சினுக்கான எண்ணெய் எஞ்சினின் அடிப்பெட்டிக்குள்ளேயே இருக்கும். இங்கே சீற்றுக்குக் கீழே தனி எண்ணெய்த் தாங்கி பளிச்சென்று தெரிகிறது. பாஸிடம் இதைச் சொன்னேன். "அப்ப டாங்கி மாத்தின புல்லட்" என்றார். அவரோடு வாதாடுவதில் பிரயோசனம் இல்லை.

மிஞ்சியவை, வால்வ் எஞ்சின் தலையில் இருக்கும் 350 சீசீ மேல்வால்வ் வண்டிகள்: பி.எஸ்.ஏ பி31, மட்ச்லஸ் ஜி3எல், ஏ.ஜே.எஸ் 16எம். மூன்றுக்கும் டெலஸ்கொபிக், மூன்றிலும் பின்பக்கம் இறுக்கமான மொடல் உண்டு. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். நான் இரண்டு இரவு இங்கேதான் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

வால்வைத் தள்ளும் புஷ் ரொட்டில்தான் வழி கிடைத்தது. பி31இல் இரண்டு ரொட்டும் ஒரே அகலக் குழாய்க்குள் ஏறும். மட்ச்லஸிலும் ஏ.ஜே.எஸ்ஸிலும் ரொட்டுக்கு ஒரு குழாயாகப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. எங்கள் படத்தில் அம்மப்பாவின் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, சிலிண்டரின் வலப்பக்கத்தில், இரண்டு வெளிச்சக் கோடுகள். நடுவில் ஒரு மெல்லிய இருட்டு. முதலில் படத்தின் கீறல் என்று நினைத்தேன். கீறல் இரண்டு ஒரே நீளத்தில், ஒரே சாய்வில் வராது. ஆக, பி.எஸ்.ஏ முழுவதாக வெளியே.

சின்ன மாமாவுக்கு இப்போதுதான் உசார் வந்தது. ஏனென்றால் மட்ச்லஸ் ஜி3எல் 1941இலேயே டெலஸ்கொபிக் ஃபோர்க்கோடு ஆமிக்கு வந்த வண்டி. "அப்ப 1942 சரிதானே?" அந்த இடத்தில் அவர் வென்றுவிட்டார் என்றே நானும் நினைத்தேன்.

மட்ச்லஸும் ஏ.ஜே.எஸ்ஸும் லண்டன் பிளம்ஸ்டெட்டில் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. ஏ.ஜே.எஸ்ஸை மட்ச்லஸ் 1931இல் வாங்கிவிட்டது. போருக்குப் பிறகு இரண்டு பெயரிலும் கிட்டத்தட்ட ஒரே வண்டியை விற்றார்கள். கண்ணுக்குத் தெரிகிற பெரிய வித்தியாசம், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் மெக்னெட்டோ இருந்த இடம். மட்ச்லஸில் சிலிண்டருக்குப் பின்னால், ஏ.ஜே.எஸ்ஸில் சிலிண்டருக்கு முன்னால். 1952இலிருந்து மட்ச்லஸிலும் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். இதை டாங்கி போல மாற்ற முடியாது. எஞ்சின் மூடியின் வடிவமே அதற்கேற்ற மாதிரி முன்னுக்கு நீண்டிருக்கும்.

அம்மப்பாவின் வண்டியில் அந்த மூடி முன்சக்கரத்தின் பக்கம் நீண்டு போகிறது. நுனியில் உருண்டையாக மெக்னெட்டோ. படம் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திருப்பிக் கழுவப்படவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். மட்காட்டில் இருக்கும் எழுத்து நேராகத்தான் இருக்கிறது, கிக்கரும் வலப்பக்கம்தான். அப்படியானால் இது ஏ.ஜே.எஸ் 16எம், அல்லது 1952க்குப் பிந்திய மட்ச்லஸ். 16எம் வெளிவந்தது 1945இல். எதை எடுத்தாலும் ஹேர்மிஸ் தாண்டபோது இந்த வண்டி உலகத்திலேயே இல்லை.

படம் எந்த வருசத்துக்குப் பிந்தாது என்று சொல்ல இலக்கத் தகடு கை கொடுக்கும் என்று பார்த்தேன். தகட்டில் முதல் எழுத்து ஆங்கில 'ஈ'. அந்தக் காலத்து இலக்கங்கள் சீ.எல், சீ.என், ஈ.எல், ஈ.வை என்று 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பிய்த்துப் போட்டவை. அதற்குப் பிறகு வந்ததுதான் சிங்கள ஸ்ரீ. 1957-58இல் நம் பக்கத்தில் தார் பூசி அழித்த கதையைத் தெரியாதவர் இல்லை. ஆனால் பழைய வண்டி பழைய இலக்கத்தோடேயே ஓடும். ஆகவே வண்டி பதிவான காலத்தைத்தான் தகடு சொல்லும், படம் எடுத்த காலத்தைச் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது டாங்கியில் இருக்கும் பிள்ளை. 1945இல் பெரிய மாமாவுக்கு ஆறு வயது. டாங்கியில் இருப்பது ஆறு வயதுப் பிள்ளை இல்லை. பெரியம்மாவுக்கு மூன்று வயதென்றால் 1950. மெக்னெட்டோ முன்னால் இருக்கும் மட்ச்லஸ் அப்போது இன்னும் வரவில்லை, ஆகவே ஏ.ஜே.எஸ்தான். கல்லோயா அணைக்கட்டு வேலை 1949இல் தொடங்கியபோது அம்மப்பா அம்பாறைப் பக்கம் போய்வரத்தான் வண்டி எடுத்தார் என்று பெரியம்மா ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன கிழமை பெரியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மெக்னெட்டோ, புஷ் ரொட், பிளம்ஸ்டெட் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். மறுகா படத்தை என் கையிலிருந்து வாங்கி, பிள்ளையின் காலில் விரலை வைத்தார்.

"அந்தச் சைலன்சர்ல சுட்ட தழும்பு இன்னும் கிடக்கு மகன்" என்று சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "ஒருத்தரும் கேக்கல்லயே."