முள்ளில்லா பிளாக்பெர்ரி: ட்ரிபிள் கிரவுனா, வாஷிட்டாவா, பிரைம்-ஆர்க் ஃப்ரீடமா?

பழத்தின் படத்தைப் பார்த்து ரகம் வாங்காதீர்கள், தண்டைப் பாருங்கள். அது எப்படி நிற்கிறது, எந்த ஆண்டில் காய்க்கிறது என்பதை வைத்துத்தான் இடைவெளி, தாங்கு கம்பி, கவாத்து (தண்டு வெட்டுதல்) எல்லாமே அமையும்.

ட்ரிபிள் கிரவுன் (அமெரிக்க வேளாண் துறை, 1996) பாதி நிமிர்ந்து, பிறகு சாய்ந்து படரும். செடிக்குச் செடி 2 மீட்டர் விட வேண்டும். 90, 150 செ.மீ. உயரங்களில் இரண்டு கம்பி இல்லாமல் இதை வளர்க்கவே கூடாது. பெரிய, இனிப்பான பழம், நிறைந்த விளைச்சல். வேரிலிருந்து கன்று கிளம்பி எல்லை தாண்டாது. ஆனால் தண்டின் நுனி மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விடும். புதுச் செடி வேண்டுமென்றால் அதுவே இலவசப் பதியம். நீண்ட வேலி இருப்பவர்களுக்கு என் தேர்வு இதுதான்.

வாஷிட்டா (ஆர்கன்சா பல்கலைக்கழகம், 2003) நேராக நிற்கும். 90 செ.மீ. இடைவெளி போதும், சிறு தோட்டத்துக்கு ஏற்றது. வேர்க்கன்றுகள் வரும், வரிசைக்கு வெளியே வருவதைப் பிடுங்கிவிடுங்கள். இதில் பலர் தவறுவது நுனி கிள்ளுவதில்தான். புதுத் தண்டு ஒரு மீட்டரைத் தாண்டியதும் இளநுனியில் 5 முதல் 8 செ.மீ. மட்டும் கிள்ள வேண்டும். கிள்ளாவிட்டால் பக்கக்கிளை குறைந்து, பழமும் குறையும். தாமதித்து முற்றிய தண்டை வெட்டினாலோ, பெரிய காயத்தின் வழியே தண்டுக் கருகல் நோய் புகும். குளிர்காலத்தில் பக்கக்கிளைகளை 30 முதல் 45 செ.மீ. அளவுக்குக் குறையுங்கள்.

இவ்விரண்டும் இரண்டாம் ஆண்டுத் தண்டில்தான் காய்க்கும். பழம் முடிந்த தண்டை மட்டும் அடியோடு அறுக்க வேண்டும். குளிர்காலத்தில் எல்லாவற்றையும் மழித்துவிட்டால் அடுத்த கோடையில் ஒரு பழம்கூட இருக்காது.

பிரைம்-ஆர்க் ஃப்ரீடம் அப்படியல்ல. முதலாண்டுத் தண்டிலேயே காய்க்கும் முள்ளில்லா ரகங்களில் இதுவே முதலாவது. எல்லாத் தண்டையும் தரைமட்டத்தில் அறுத்தாலும் இலையுதிர் காலத்தில் பழம் கிடைக்கும். கவாத்துக் குழப்பமே இல்லை என்று இதை வாங்குகிறார்கள். ஆனால் பூக்கும் சமயத்தில் வெயில் 29 பாகை செல்சியஸைத் தாண்டினால் காய்ப்பிடிப்பு சரியும், பழமும் உருக்குலையும். கோடை கொளுத்தும் இடத்தில் முதலாண்டுத் தண்டின் காய்ப்பை நம்ப வேண்டாம்.

மொட்டு சரியாக விரிய, செடி குளிரில் கழிக்க வேண்டிய நேரம்தான் குளிர்த் தேவை; அதுவும் ரகத்துக்கு ரகம் மாறும். ஆர்கன்சாவிலேயே உருவான அரபாஹோ ரகத்துக்கு 7 பாகைக்குக் கீழே 400 முதல் 500 மணி நேரம், நவாஹோ ரகத்துக்கு 800 முதல் 900. குளிர் போதாவிட்டால் மொட்டுகள் தாறுமாறாக விரியும், பூ குறையும். ட்ரிபிள் கிரவுன் அதிகக் குளிர் கேட்கும் பக்கம். குளிர்காலம் லேசான இடங்களில் வாஷிட்டாவுக்கே முன்னுரிமை.

மண்ணில் மூன்றுக்கும் வேறுபாடில்லை: அமிலநிலை (pH) 5.5 முதல் 6.5, நீர் தேங்காத மேட்டுப்பாத்தி, வைக்கோல் மூடாக்கு. மூன்றும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஒரே செடி போதும்.

பறிப்பதில் அவசரம் வேண்டாம். பளபளக்கும் கறுப்புப் பழம் இன்னும் புளிக்கும். இரண்டு மூன்று நாளில் பளபளப்பு மங்கி, விரல் பட்டதும் கையோடு வரும். அப்போதுதான் அது பழுத்தது.