பொற்றலைக் கையாந்தகரையா, வெடிலியாவா?

மஞ்சள் கரிசலாங்கண்ணி, அதாவது பொற்றலைக் கையாந்தகரை, கேட்டு வாங்கி வந்த செடியை வாசல் தொட்டியில் வைத்தேன். மூன்றே மாதத்தில் தொட்டியைத் தாண்டி, குழாயடி வரை மஞ்சள் பூ. எனக்கு ஒரே பெருமை. தெருவில் கீரை விற்கும் அம்மா ஒருநாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது கீரை இல்ல கண்ணு, ஷோ செடி. இலையத் தடவிப் பாரு."

என்னிடம் வந்திருந்தது வெடிலியா என்ற அழகுச் செடி. பூவை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். இரண்டும் படர்ந்து, மண்ணைத் தொட்ட கணுவில் வேர் விடும். இலைதான் காட்டிக்கொடுக்கும். வெடிலியாவின் இலை தடித்து, பளபளவென்று, பக்கத்துக்கொரு காது நீட்டி மூன்று மடலாக இருக்கும். நம் கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டிருக்கும். மடல் கிடையாது, தடவினால் சொரசொரக்கும். பூவும் கொஞ்சம் சிறிசு.

அழகுக்கும் சோம்பேறித்தனத்துக்கும் வெடிலியாவை அடிக்க ஆளில்லை. சென்னை வெயிலோ, கடற்கரை உப்புக்காற்றோ அதை ஒன்றும் செய்யாது. வினை அங்கேதான். மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடியான இது, உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது. படர்ந்த இடத்தில் வேறு பூண்டைத் தலையெடுக்க விடாது.

பொற்றலைக் கையாந்தகரை இந்த மண்ணின் செடி. ஆனால் செல்லம் கேட்கும். ஈரம் வற்றினால் மே மாதத்தில் துவண்டுவிடும்; படர்வதும் மெதுவாகத்தான். சரி, அப்புறம் எதற்கு அது? சமையலுக்கு. இளந்தளிரைக் கிள்ளிப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் லேசான கசப்பும் தெரியாது. இன்னொரு பெருமையும் உண்டு: இதிலிருக்கும் வெடிலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பை 1956இல் வெளியிட்டவர்கள் நம்மூர் மாநிலக் கல்லூரியின் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவரோடு வேலை செய்தவர்களும்தான்.

வெள்ளைக் கரிசலாங்கண்ணி? தலைக்கு எண்ணெய் காய்ச்ச, கண்மை தயாரிக்க அதுதான். இலையைக் கசக்கினால் கை கறுத்துவிடும். பூ பொட்டு மாதிரி. தொட்டிக்கு அழகு சேராது.

என் ஓட்டு நாட்டுச் செடிக்கே. பெரிய திடலை மூட வேண்டும் என்றால்கூட வெடிலியாவை நான் சொல்ல மாட்டேன். வாங்கும்போது பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள், இலையைத் தடவுங்கள். கீரைக்கட்டில் வந்த தண்டிலேயே வேர் தெரிந்தால் அதை நட்டாலே போதும்; நான் அப்படித்தான் வளர்க்கிறேன்.

பழைய வெடிலியாவைப் பிடுங்கி உரக்குழியில் போட்டது என் இரண்டாவது முட்டாள்தனம். கணு இருந்த துண்டெல்லாம் அங்கேயே துளிர்த்தது. இப்போது மொட்டை மாடியில் சருகாகும்வரை காயவைத்துத்தான் குழியில் சேர்க்கிறேன். குழாயடியில் இன்னும் இரண்டு பூ தெரிகிறது.