மின்மீட்டர் டேட்டாவும் ஐசோலேஷன் ஃபாரஸ்ட்டும்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

நூற்பாலைகளின் மின்மீட்டர் ரீடிங்குகளைச் சரிபார்ப்பது என் வேலை. மணிக்கு ஒரு வரியாக வந்து குவியும். அதில் ஒட்டாத எண்களைப் பிடிக்கப் பல வருடங்களாக சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் இருக்கும் ஐசோலேஷன் ஃபாரஸ்ட்டைத்தான் பயன்படுத்துகிறேன். இன்றும் புது டேட்டா வந்தால் முதலில் ஓட்டுவது இதைத்தான்.

லியூ, டிங், ஷோ ஆகிய மூவரும் 2008-ல் முன்வைத்த முறை இது. வோல்டேஜ், யூனிட் என்று ஏதோ ஓர் அளவை எடுத்து ஏதோ ஓர் இடத்தில் வெட்டும். பிறகு மறுபடி மறுபடி வெட்டும். இப்படி ஒரு தொடர் வெட்டுகள்தான் ஒரு மரம். கூட்டத்தில் சேராத வரி நாலைந்து வெட்டிலேயே தனியாகிவிடும். நாம் எதையும் மாற்றாவிட்டால் 100 மரங்கள், மரத்துக்கு அதிகபட்சம் 256 வரிகள். அதனால் லட்சக்கணக்கான வரிகளைச் சாதாரண லேப்டாப்பே தாங்கும். எல்லா அளவுகளையும் ஒரே வீச்சுக்குக் கொண்டுவரும் ஸ்கேலிங்கும் தேவையில்லை.

கன்டாமினேஷன், அதாவது எவ்வளவு பங்கு வரிகளைச் சந்தேகப்பட வேண்டும் என்கிற அமைப்பு, அதில் மட்டும் கவனம் வேண்டும். பழைய பதிப்புகளில் அது 0.1. டேட்டா எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பத்தில் ஒரு வரி சந்தேகப் பட்டியலுக்குப் போய்விடும். 0.22 பதிப்பிலிருந்து அது 'ஆட்டோ', எல்லையைக் கருவியே வைத்துக்கொள்ளும். நான் இரண்டையும் நம்புவதில்லை. ஒவ்வொரு வரியும் எவ்வளவு ஒட்டாதது என்று அது தரும் ஸ்கோரை வரிசைப்படுத்தி, உட்கார்ந்து பார்க்க முடிகிற அளவுக்கு மேலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இதன் பெரிய குறை வேறு. மீட்டர் சிக்கிக்கொண்டு ராத்திரி முழுக்க ஒரே எண்ணை அனுப்பினால் இதற்குத் தெரியாது. அந்த எண் கூட்டத்தின் நடுவில் இருப்பதால் நல்ல ஸ்கோரே கிடைக்கும். ஒவ்வொரு வரியையும் தனியாகப் பார்க்கிற முறை, முன்னும் பின்னும் என்ன வந்தது என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். முந்தைய மணியோடு உள்ள வித்தியாசம், கடைசி சில மணி நேரத்தின் ஏற்ற இறக்கம், ஞாயிறா இல்லையா, இதையெல்லாம் சேர்த்துக் கொடுத்தால் பிடிக்கிறது.

அப்புறம், மாட்டிய எண்ணை அழிக்காதீர்கள், குறி மட்டும் போடுங்கள். அண்டார்டிகாவில் ஓசோன் சரிந்தபோது நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் மென்பொருள் 180 டாப்சனுக்கு (ஓசோன் அளவின் அலகு) கீழே வந்த அளவுகளைச் சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கி வைத்தது. தரையிலிருந்து அளந்த பிரிட்டிஷ் குழுதான் 1985-ல் அந்தச் சரிவை முதலில் அறிவித்தது.

மாத பில் மாதிரி சின்ன டேட்டாவுக்கு இந்தக் கருவி வேண்டாம். சராசரியும் திட்டவிலக்கமும்கூட வேண்டாம். பத்தே எண்கள் இருந்தால் எவ்வளவு பெரிய பிழையும் 3 சிக்மாவை, அதாவது சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத் தூரத்தை, தாண்டாது, பிழையே திட்டவிலக்கத்தையும் ஏற்றிவிடும். அங்கே மீடியனிலிருந்து (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால் போதும், எக்செல்லிலேயே முடிந்துவிடும்.