துப்பாக்கியா, தூதா, தோராவா: யூத அரசு எதனால் வந்தது?

இஸ்ரேல் உருவான கதையை இர்குன் என்ற யூத ஆயுதக் குழுவின் ஆதரவாளர் ஒருவரிடம் கேட்டால், எங்கள் வெடிகுண்டுக்குப் பயந்துதான் பிரிட்டன் ஓடியது என்பார். யூத அரசுக்காகத் தூது நடந்த தலைவர் வைஸ்மனின் வழியில் வந்தவர், பிரிட்டன் தந்த பால்ஃபர் பிரகடனத்தை எடுத்து நீட்டுவார். தோரா எனும் யூத மதச் சட்டத்தை வைத்துப் பேசுகிறவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் கணக்கில் முதல் இடம் ராஜதந்திரத்துக்குத்தான். ஆனால் அது தனியாக நின்று ஜெயிக்கவில்லை.

முதலில் ஆயுதம். இங்கே எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. ஹகானா பெரும்பான்மை யூதத் தலைமையின் படை. இர்குனும் லெஹியும் அதற்கு வெளியே நின்ற தீவிரக் குழுக்கள். 1944 நவம்பரில் லெஹி ஆட்கள் கெய்ரோவில் பிரிட்டிஷ் அமைச்சர் மொய்ன் பிரபுவைச் சுட்டுக் கொன்றார்கள். பிரிட்டன் ஆண்டுகொண்டிருந்த பாலஸ்தீனத்தைப் பிரித்து யூதர்களுக்கு ஒரு பகுதியைத் தரும் திட்டம் அப்போது லண்டனில் அமைச்சரவையின் பரிசீலனையில் இருந்தது. பிரதமர் சர்ச்சில் யூதர்களுக்கு நெடுநாள் நண்பர். ஆனால் கொலைக்குப் பிறகு அந்தத் திட்டம் அப்படியே கிடப்பில் போனது. 1946 ஜூலை 22-இல் ஜெருசலேமின் கிங் டேவிட் ஹோட்டலில் இர்குன் வைத்த குண்டில் 91 பேர் செத்தார்கள். ஆங்கிலேயர், அரபுகள், யூதர்கள் எல்லோரும் அதில் உண்டு.

அப்படியானால் குண்டுகளால் பலனே இல்லையா? இருந்தது. சுமார் ஒரு லட்சம் படையினரை வைத்திருந்தும் பிரிட்டனால் அமைதியைக் கொண்டுவர முடியவில்லை. ஆனால் போரில் காலியான கஜானாவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பாலஸ்தீனப் பிரச்சினையை ஐ.நா.விடம் ஒப்படைப்பதாக 1947 பிப்ரவரி 18-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பெவின் அறிவித்தார். இரண்டே நாளில், இந்தியாவை விட்டுக் கிளம்புவதாகப் பிரதமர் அட்லி அறிவித்தார். பேரரசே மூட்டை கட்டிக்கொண்டிருந்த வாரம் அது.

ராஜதந்திரத்தின் பலவீனமும் தெரிந்ததுதான். 1917-இன் பால்ஃபர் பிரகடனம் 'தேசிய இல்லம்' என்றதே தவிர அரசு என்று சொல்லவில்லை. 1939-இல் பிரிட்டிஷ் அரசின் வெள்ளை அறிக்கை வந்து, ஐந்தாண்டுகளுக்கு 75,000 யூதர்களுக்கு மேல் பாலஸ்தீனத்தில் குடியேறக் கூடாது என்றது. ஐரோப்பாவில் யூதர்களுக்கு உயிர் தப்ப இடம் தேவைப்பட்ட நேரத்தில் கதவு சாத்தப்பட்டது.

ஆனாலும் உலகத்தின் மனதை மாற்றியது எது என்று கேட்டால் நான் எக்சோடஸ் கப்பலைத்தான் சொல்வேன். 1947 ஜூலையில், நாஜிகளின் யூத இனப்படுகொலையிலிருந்து தப்பிய சுமார் 4,500 அகதிகளுடன் பாலஸ்தீனத்துக்கு வந்த கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை மோதிப் பிடித்தது. ஹைஃபா துறைமுகத்தில் அவர்களை வேறு கப்பல்களில் ஏற்றியதை பாலஸ்தீனம் பற்றி விசாரிக்க வந்திருந்த ஐ.நா. குழுவின் தலைவர் சாண்ட்ஸ்ட்ரோம் நேரில் நின்று பார்த்தார். அந்த அகதிகள் கடைசியில் கொண்டுபோய் இறக்கப்பட்டது ஜெர்மனியில். அதே ஆண்டு நவம்பர் 29-இல், பாலஸ்தீனத்தை யூத அரசாகவும் அரபு அரசாகவும் பிரிக்கும் தீர்மானம் ஐ.நா.வில் 33-க்கு 13 என்று நிறைவேறியது. பத்து நாடுகள் ஒதுங்கி நின்றன. இந்தியா எதிர்த்து வாக்களித்தது.

சரி, தீர்மானம் கையில் வந்துவிட்டது. அப்புறம்? யூதத் தரப்பின் நெருக்குதலில் வெறுத்துப்போயிருந்த அமெரிக்க அதிபர் ட்ரூமன், வைஸ்மனைப் பார்க்கவே மறுத்தார். கன்சாஸ் சிட்டியில் அவரோடு சேர்ந்து துணிக்கடை நடத்திய பழைய நண்பர் எடி ஜேக்கப்சன் போய் மன்றாடிய பிறகுதான் 1948 மார்ச் 18-இல் சந்திப்பு நடந்தது. மறுநாளே அமெரிக்கப் பிரதிநிதி ஐ.நா.வில் எழுந்து, பிரிவினைக்குப் பதிலாக ஐ.நா.வின் பொறுப்பில் அறங்காவல் ஆட்சி வேண்டும் என்றார். வாக்குறுதி எவ்வளவு மெலிதானது என்று அன்று தெரிந்தது. அந்த வசந்தத்தில் அரசைக் காப்பாற்றியது செக்கோஸ்லோவாக்கியத் துப்பாக்கிகளோடு நின்ற ஹகானாதான். அதே ஏப்ரலில்தான் இர்குனும் லெஹியும் டேர் யாசின் கிராமத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. போர் முடியும்போது ஏழு லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் வீடிழந்திருந்தார்கள். ஆயுதத்தின் கணக்கை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வராது.

இனி மதச் சட்டம். யூத மதச் சட்டத் தொகுப்பான தால்மூதின் கெத்துபோத் பகுதியில் மூன்று சபதங்கள் வருகின்றன: யூதர்கள் கூட்டாகத் திரண்டு, பலத்தால் அந்த நாட்டுக்குள் ஏறிப் போகக் கூடாது, பிற இனங்களை எதிர்த்துக் கலகம் செய்யக் கூடாது, அந்த இனங்களும் யூதர்களை அளவு மீறி வதைக்கக் கூடாது. இதை வைத்துத்தான் சத்மார் என்ற தீவிரப் பழமைவாதப் பிரிவின் ரப்பி (யூத மதகுரு) யோயல் டைட்டெல்பாம், மீட்பரான மெசியா வருமுன் அரசு அமைப்பது பாவம் என்றார். ரப்பி கூக் அதே காலத்தை மீட்பின் தொடக்கமாகக் கண்டார். த்வின்ஸ்க் நகரின் ரப்பி மெயிர் சிம்ஹா, 1920-இல் சான் ரெமோ மாநாட்டில் வல்லரசுகள் யூதர்களின் தேசிய இல்லத்துக்குச் சம்மதம் தந்துவிட்டதால் சபதங்களை மீறும் அச்சம் நீங்கியது என்றார். ராஜதந்திரம் மதச் சட்டத்துக்கே வழி திறந்துவிட்ட இடம் இது. எனக்கு இந்த அலசலிலேயே மிகவும் பிடித்த புள்ளியும் இதுதான்.

மதத் தரப்பு அரசைக் கொண்டுவரவில்லை. ஆனால் அதற்குள் தன் பங்கை முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. 1947 ஜூன் 19-இல் யூதத் தலைவர் பென் குரியன் முதலானோர் அகுதாத் இஸ்ரேல் என்ற பழமைவாத மதக் கட்சிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சப்பாத் (வெள்ளி மாலை முதல் சனி மாலை வரையான) ஓய்வு, அரசுச் சமையலறைகளில் மத விதிப்படியான கோஷர் உணவு, திருமணச் சட்டம், மதக் கல்வி ஆகிய நான்கிலும் உறுதி தந்தார்கள். ஐ.நா. குழு வந்திருந்த நேரத்தில் யூதர்கள் ஒரே குரலில் பேச வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு மே 14, வெள்ளிக்கிழமை. சப்பாத் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று டெல் அவீவில் மாலை நான்கு மணிக்குப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அதில் கடவுள் பெயர் வேண்டும் என்றார் ரப்பி ஃபிஷ்மன். கூடாது என்றார் இடதுசாரி சிஸ்லிங். கடவுள் என்றும் படிக்கலாம், வேறு மாதிரியும் படிக்கலாம் என்று 'இஸ்ரேலின் பாறை' என எழுதி இருவரையும் சமாதானப்படுத்தினார்கள். இன்றும் இஸ்ரேலுக்குள் சிவில் திருமணம் கிடையாது. ரப்பிகளின் நீதிமன்றம் வேண்டாம் என்கிற ஜோடிகள் பலர் விமானம் ஏறி சைப்ரஸ் போன்ற இடங்களுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்கிறார்கள்.